கண் அளந்த சூடு

குரோம்பேட்டை எம்.ஐ.டி. என்றதும் தமிழ் வாசகருக்கு இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவர் அப்துல் கலாம். அங்கே வானூர்திப் பொறியியல் படித்தவர். இன்னொருவர் எழுத்தாளர் சுஜாதா, எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர். தொழிலதிபர் சி. ராஜம் தம்முடைய ‘இந்தியா ஹவுஸ்’ வீட்டை விற்ற பணத்தை முதலாகப் போட்டு 1949-ல் அந்தக் கல்லூரியைத் தொடங்கியபோது, அன்றைக்கு அரிதாக இருந்த நான்கு பாடங்களை வைத்தார். வானூர்தி, ஆட்டோமொபைல், எலெக்ட்ரானிக்ஸ் போக நான்காவது, இன்ஸ்ட்ருமென்ட் டெக்னாலஜி. அதைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. ஆலைக்குள் ஓடும் நீராவியின் அழுத்தம் எவ்வளவு, குழாயில் போகும் எண்ணெய் எவ்வளவு, உலைக்குள் சூடு எவ்வளவு என்று அளக்கும் படிப்பு அது. அளக்கிறவனுக்குக் கைதட்டல் கிடைப்பது அபூர்வம்.

தாம்பரம் பக்கத்துத் தொழில் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தோலில் தொடங்குவார்கள். குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கே அந்தப் பெயர். பிறகு பல்லாவரத்துக் கல் குவாரி, பல்லாவரம் இங்கிலீஷ் எலெக்ட்ரிக், வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ், 1984-ல் வந்த மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் என்று வரிசை போகும். இந்தத் தொழில்கள் பலவற்றுக்குப் பின்னால் சூட்டைப் பார்த்துச் சொல்லும் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கண் எப்படி வேலை செய்தது, அந்த வேலையை அகச்சிவப்புக் கேமரா எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் நான் சொல்ல வந்த சரித்திரம். நான் எம்.ஐ.டி. பட்டதாரி இல்லை. ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் படித்துவிட்டு, எழுபதுகளின் கடைசியில் கிண்டியில் ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் சேர்ந்தவன். எம்.ஐ.டி. ஆட்கள் எனக்கு மேலதிகாரிகளாக இருந்தார்கள்.

அப்போது தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூரிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் மீட்டர் கேஜ் மின்சார ரயிலில்தான் போவோம். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் ஓடத் தொடங்கி, 2004 வரை ஓடிய ரயில் அது. 1958-ல் வந்த கிண்டித் தொழிற்பேட்டை அந்தத் தண்டவாளத்தை நம்பி வளர்ந்தது. பேட்டையில் பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள்தான் அதிகம். கடைந்தெடுத்த பல்சக்கரம், தண்டு, பின் எல்லாம் எங்களிடம் மென்மையாக வரும். அவற்றை உலையில் சூடாக்கி, எண்ணெயிலோ தண்ணீரிலோ முக்கி, கடினமாக்கித் திருப்பி அனுப்ப வேண்டும். இ.என். 8 எஃகுக்கு 850 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். குறைந்தால் எஃகு இறுகாது. மிஞ்சினால் உள்ளே மணி பெருத்து, முக்கும்போதே விரிசல் விடும்.

உலையில் தெர்மோகப்பிள் உண்டு. சுவரோரம் ஒரு குழாய்க்குள் நிற்கும் இரண்டு கம்பிகள். அது காட்டுவது அது நிற்கிற இடத்தின் சூடு மட்டுமே. நடுவில் குவித்து வைத்த ஜாப், அதாவது சூடாக்க வந்த பாகம், எந்தச் சூட்டில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவர் மேஸ்திரி. செங்கல்பட்டுப் பக்கத்துக் கொல்லர் குடும்பம். கையெழுத்துப் போடத் தெரியும், அதற்கு மேல் படிப்பில்லை. உலைக்கு நேர் மேலே இருந்த கூரைக் கண்ணாடிக்குக் கருப்புப் பெயின்ட் அடிக்க வைத்தவர் அவர்தான். வெயில் விழுந்தால் சிவப்பு மங்கித் தெரியும்; சூடு போதவில்லை என்று நினைத்து இன்னும் ஏற்றிவிடுவோம். நடுப்பகலில் பழுக்கும் இரும்பும் நடுராத்திரியில் பழுக்கும் இரும்பும் ஒரே சூட்டில் இருந்தாலும் கண்ணுக்கு வேறு வேறாகத் தெரியும். இதை மாற்றக் கூரையைத்தான் இருட்டாக்க முடியும்.

அவரிடம் சூட்டுக்குப் பெயர்கள் இருந்தன. மெல்லப் பழுக்கத் தொடங்கும் கருஞ்சிவப்புக்குக் கத்தரிக்காய். 600 டிகிரிக்கு முன்பின். அடுத்து மிளகாய்ப்பழம், 750-லிருந்து 800 வரை. அதற்கு மேல் சாமந்தி. ஆயிரத்தை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். சந்தேகம் வந்தால், நீளக் கம்பியில் கட்டிய காந்தத்தைக் கொண்டுவரச் சொல்வார். எஃகு சுமார் 770 டிகிரியில் காந்தத்துக்கு ஒட்டாது. ஒட்டவில்லை என்றால் அந்தப் படியைத் தாண்டியாயிற்று. கியூரிப் புள்ளி என்று புத்தகத்தில் படித்திருந்த எனக்கு, அதைக் கம்பி நுனியில் தொட்டுக் காட்டியவர் அவர்.

அவர் செய்ததில் எனக்கு முதலில் விளங்காதது ஒன்று. உலையின் எட்டிப் பார்க்கும் துளையில் கண்ணை வைத்துவிட்டு, “இன்னும் ஜாப் தெரியுதுப்பா. மறையட்டும்” என்பார். உலை சூடாக ஆக உள்ளே இருப்பது நன்றாகத் தெரியத்தானே வேண்டும்? “மறையுறதா? எப்படி மேஸ்திரி?” என்றால், “நீயே பாரு தம்பி” என்று நகர்ந்துகொள்வார். பார்த்தால் பல்சக்கரத்தின் பற்கள் கருத்துத் தெரியும். அரை மணி கழித்துப் பார்த்தால் பல் மங்கும், விளிம்பு மங்கும். கடைசியில் சுவர், தரை, ஜாப் எல்லாம் ஒரே நிறத்தில் கரைந்து உள்ளே ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். “மறைஞ்சிடுச்சா? இப்போ எடு.” சுவரும் ஜாப்பும் ஒரே சூட்டுக்கு வந்துவிட்டால் இரண்டும் ஒரே அளவு ஒளிரும், விளிம்பு என்று ஒன்று தெரிய வழியில்லை. ஜெர்மனியில் குஸ்தாவ் கிர்க்காஃப் 1859-60 வாக்கில் இதைச் சமன்பாடாக எழுதினார். மூடிய உலைக்குள் எல்லாம் ஒரே சூட்டில் இருந்தால், எந்தப் பொருளால் செய்தது, எந்த வடிவம் என்ற வித்தியாசம் அதன் ஒளியில் இருக்காது. மேஸ்திரிக்கு கிர்க்காஃப் பெயர் தெரியாது, விதி தெரிந்திருந்தது.

இந்தக் கண் எத்தனை தலைமுறைப் பழையது? ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் தோண்டிய இடத்தில் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட உலைகள் கிடைத்திருக்கின்றன. பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில், மூசையில் எஃகு உருக்கிய இடத்தை 1990-களில் தொல்லுலோக ஆய்வாளர் ஷாரதா சீனிவாசன் அடையாளம் காட்டினார். ஊட்ஸ் என்று உலகம் அழைத்த எஃகு இந்த வகையில் உண்டானது. இரும்பையும் கரி தரும் பொருளையும் களிமண் மூசைக்குள் வைத்து, வாயை அடைத்து, நெடுநேரம் ஊதி உருக்குவார்கள். மூடிய மூசைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. வெளியே தெரியும் நெருப்பின் நிறத்தை வைத்து உள்ளே இருப்பதைச் சொல்ல வேண்டும்.

உருக்கியது பாதி வேலை. அதை அடித்து வாளாக்குவது மீதிப் பாதி. ஊட்ஸில் கரியின் பங்கு ஒன்றரை சதவீதம் வாக்கில் இருக்கும். சாதாரண இரும்பைப் போல வெள்ளைச் சூடு ஏற்றிச் சம்மட்டியால் அடித்தால் அது நொறுங்கிவிடும். சிவப்பைத் தாண்டாமல், பொறுமையாக அடிக்க வேண்டும். ஐரோப்பாவுக்குப் போன ஊட்ஸ் கட்டிகள் பல, அங்கிருந்த கொல்லர்கள் தங்கள் பழக்கப்படி அதிகச் சூட்டில் அடித்ததால் உடைந்துபோயின. 1819-லிருந்து சில ஆண்டுகள் லண்டனில் மைக்கேல் ஃபாரடேயும் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் இந்த எஃகை ஆராய்ந்து, உலோகக் கலவைகள் செய்து பார்த்தார்கள். எஃகில் என்ன இருக்கிறது என்று வேதியியல் தேடிக்கொண்டிருந்தது. எந்தச் சிவப்பில் அடிக்க வேண்டும் என்பது நம் ஊர்ப் பட்டறையில் கிடந்தது. அதை யாரும் எழுதி அனுப்பவில்லை. 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் கரி உலை வைத்து இரும்பாலை நடத்திய காலத்தில், கிராமத்து உலைகள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. அடுத்த சில பத்தாண்டுகளில் மலிவான இங்கிலாந்து இரும்பும் காடு குறைந்ததால் வந்த கரித் தட்டுப்பாடும் அவற்றை அணைத்தன. உலை அணைந்தபோது ஊட்ஸின் சிவப்பை அறிந்த கண்ணும் போயிற்று.

1800-ஆம் ஆண்டு இந்தக் கதையில் இரண்டு இடத்தில் வருகிறது. அந்த ஆண்டு ஏப்ரலில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஃபிரான்சிஸ் புக்கானன் சென்னையிலிருந்து கிளம்பி, காஞ்சிபுரம் வழியாக மைசூர்ப் பக்கம் போனார். போன இடத்தில் இரும்பு உலைகளையும் எஃகு மூசைகளையும் பார்த்து, துருத்தி எப்படி, கூலி எவ்வளவு என்று எழுதி வைத்தார். அதே ஆண்டு இங்கிலாந்தில் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல், வெயிலை முப்பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டர் வைத்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் வைத்ததும் பாதரசம் ஏறியது. அகச்சிவப்புக் கதிர் அன்று அகப்பட்டது. உலையைக் கண்ணால் அளந்த உலகத்தை ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். கண்ணுக்கு எட்டாத சூட்டை இன்னொருவர் தொட்டுவிட்டார்.

அதற்கு முன்பே ஐரோப்பாவில் கண்ணின் மீது நம்பிக்கை குறைந்துகொண்டிருந்தது. பீங்கான் தொழிலதிபர் ஜோசையா வெட்ஜ்வுட், 1782-ல் களிமண் துண்டுகளைச் சூளையில் வைத்து, அவை எவ்வளவு சுருங்கின என்பதை வைத்துச் சூட்டைக் கணக்கிட்டார். அவர் மகன் தாமஸ் 1792-ல் இன்னொன்றைக் கவனித்தார்: எந்தப் பொருளாக இருந்தாலும் சிவக்கத் தொடங்குவது ஒரே சூட்டில்தான். 1847-ல் அமெரிக்காவில் ஜான் டிரேப்பர் அந்தச் சூட்டை அளந்து 525 டிகிரி சென்டிகிரேடு என்று சொன்னார். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேலைக்கு ஆகும்.

1892-ல் பிரான்சில் ஆன்ரி லெ ஷாட்டலியே, உலை ஒளியை ஒரு விளக்கொளியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பைரோமீட்டர் செய்தார். இருபதாம் நூற்றாண்டு பிறந்ததை ஒட்டி ஹோல்பார்ன், குர்ல்பாம் என்ற ஜெர்மானியரும் மோர்ஸ் என்ற அமெரிக்கரும் அதற்குப் புது உருவம் கொடுத்தார்கள். தொலைநோக்கி போன்ற குழாய். உள்ளே சின்ன பல்பின் இழை. குழாய் வழியாக உலையைப் பார்த்தால் ஒளிக்குக் குறுக்கே இழை தெரியும். திருகைத் திருகி இழைக்குப் போகும் மின்சாரத்தை ஏற்ற வேண்டும். முதலில் இழை கருப்பாக நிற்கும். ஏற்ற ஏற்றச் சிவக்கும். ஒரு கட்டத்தில் உலை ஒளிக்குள் காணாமல் போகும். அப்போது முள் காட்டுவதுதான் சூடு. இன்னும் ஏற்றினால் இழை உலையைவிடப் பளிச்சென்று திரும்பத் தெரியும். எங்கள் பட்டறைக்கு இந்தக் கருவி வந்த அன்று மேஸ்திரி கையில் கொடுத்தோம். இழை மறைந்ததும் அவர் சிரித்தார். “நம்ம ஜாப் மறையுற மாதிரியே பண்ணியிருக்கான்” என்றார். அந்தக் கருவியை அதைவிடச் சுருக்கமாக விளக்கிய எந்த எஞ்சினியரையும் நான் பார்த்ததில்லை.

இதே காலத்தில் பெர்லினில் அரசாங்க அளவியல் ஆய்வுக்கூடத்தில், எந்தச் சூட்டில் எந்த நிறம் எவ்வளவு வருகிறது என்று அளந்துகொண்டிருந்தார்கள். விளக்குத் தொழிலுக்கு அந்தக் கணக்கு தேவைப்பட்டது. அந்த அளவுகளுக்குப் பொருந்தும் சூத்திரத்தைத்தான் 1900-ல் மாக்ஸ் பிளாங்க் கண்டார். குவான்டம் இயற்பியல் அதிலிருந்து கிளம்பியது.

ஆனாலும் பைரோமீட்டர் ஒரு நேரத்தில் ஒரு புள்ளியைத்தான் பார்க்கும். உலை முழுவதையும் படமாகப் பார்க்கக் கேமரா வேண்டும். அது யுத்தத்தின் வழியே வந்தது. இருட்டில் எதிரியைப் பார்க்கச் செலவிட்ட பணத்தில் வளர்ந்த கருவியை, ஸ்வீடனின் ஆகா நிறுவனம் 1965-ல் முதன்முதலாக வணிகத்துக்கு விற்றது. மின்கம்பி இணைப்பு எங்கே சூடாகிறது என்று பார்க்கத்தான் அதை வாங்கினார்கள். உள்ளே இருக்கும் உணரியைக் குளிர வைக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குளிரூட்டத் தேவையில்லாத உணரியை அமெரிக்காவில் ராணுவ ரகசியமாக ஹனிவெல் உருவாக்கிவைத்திருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அந்த ரகசியம் விலகியது. அதற்குப் பிறகுதான் கேமரா கைக்கு அடக்கமானது. இன்றும் அந்த ராணுவ வாசனை முழுவதும் போகவில்லை. நொடிக்கு 9 படத்துக்கு மேல் எடுக்கும் கேமராவை அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து வாங்க ஏற்றுமதி உரிமம் கேட்பார்கள். அதனால் நம் பக்கம் புழங்கும் கேமராக்களில் பல 9 படத்தோடு நின்றுவிடும். ஓடும் பட்டையையோ சுழலும் தண்டையோ பார்க்க அது போதாது.

நம் பக்கத்தில் கேமராவுக்குத் தேவை வந்தது கார் வந்த பிறகு. தொண்ணூறுகளில் மறைமலைநகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2000-ல் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபெய்ன் கண்ணாடி ஆலை என்று ஒரே வேகத்தில் வந்தன. கார் கம்பெனி வாங்கும் பாகத்துக்குக் காகிதம் கேட்கும். 2006-ல் வந்த சி.க்யூ.ஐ-9 விதிகளுக்குப் பிறகு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறைகளில் அந்தக் கேள்வி இறுகியது. எந்தத் தெர்மோகப்பிள், எப்போது சரிபார்த்தது, உலையின் எந்த மூலையில் எத்தனை டிகிரி வித்தியாசம் என்று எல்லாவற்றுக்கும் பதிவு வேண்டும். மேஸ்திரியின் கண்ணுக்குப் பதிவேட்டில் பத்தி இல்லை. அவர் ஓய்வுபெற்றுப் போயிருந்தார்; அந்த இடத்துக்கு வேறு ஆளை வைக்கவில்லை.

நியாயமாகச் சொன்னால், மூடிய உலைக்குள் இன்றும் தெர்மோகப்பிள்தான் ராஜா. கேமரா ஜெயிப்பது தொட முடியாத இடத்தில்: நகரும் பொருள், உருகி ஓடும் உலோகம், சுழலும் சூளை. ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் செய்வது போன்ற மிதவைக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1500 டிகிரிக்கு மேல் உருகிய கண்ணாடியை, உருகிய வெள்ளீயத்தின் மேல் சுமார் 1100 டிகிரியில் வழிய விட்டு, 600 டிகிரியில் தகடாக எடுப்பார்கள். அதில் கம்பியைக் குத்தினால் கண்ணாடி கெட்டது. கண்ணால் பார்த்தாலோ கண்ணாடியை ஊடுருவி அப்பால் இருப்பதுதான் தெரியும். ஆனால் 5 மைக்ரானுக்கு மேற்பட்ட அலைநீளத்தில் கண்ணாடி சுவர் மாதிரி மறைத்துவிடும். அந்த அலைநீளத்தில் பார்க்கும் கருவிக்கு மேல்தோலின் சூடு சரியாகத் தெரியும். கொதிகலனுக்குள் கொழுந்துவிடும் வாயுத் தீக்கு அப்பால் இருக்கும் குழாயைப் பார்க்க 3.9 மைக்ரான் வேண்டும்; தீயில் இருக்கும் கரிவாயுவும் நீராவியும் அந்த அலைநீளத்தில் குறுக்கே நிற்பதில்லை. அரியலூர்ப் பக்கத்து சிமென்ட் ஆலைகளில் உள்ளது போன்ற சுழலும் சூளையில் கிளிங்கர் 1450 டிகிரியில் வேகும். உள்ளே ஒரு செங்கல் விழுந்தால், வெளி உருளையில் அந்த இடம் மட்டும் சூடேறும். நீளவாக்கில் ஓயாமல் பார்க்கும் ஸ்கேனர் அதை அன்றே சொல்லிவிடும். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்து ஆய்வாளர்கள், பற்றவைக்கும்போதே அகச்சிவப்புக் கேமராவால் மேற்பரப்பைப் பார்த்து, பற்று எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று கணிக்கும் வழியை எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, கேமராவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். கேமரா சூட்டைப் பார்ப்பதில்லை. பொருளிலிருந்து வரும் கதிரைப் பார்க்கிறது. சூடு எவ்வளவு என்பது அதன் கணக்கு. ஒரே சூட்டில் இருந்தாலும் துருப்பிடித்த எஃகு நிறையக் கதிர் விடும். பளபளப்பான அலுமினியம் அதில் பத்தில் ஒரு பங்குகூட விடாது. எமிசிவிட்டி என்று ஒரு எண்ணை நாம் கொடுத்தால்தான் கேமரா கணக்குப் போடும். ஆயிரம் டிகிரியில் இருக்கும் எஃகுக்கு அந்த எண்ணைப் பத்து சதவீதம் தப்பாகக் கொடுத்தால், 1 மைக்ரானில் பார்க்கும் கேமரா சுமார் 11 டிகிரி பிசகும். 10 மைக்ரானில் பார்ப்பது 75 டிகிரி வரை பிசகும். இரண்டும் திரையில் ஒரே மாதிரி அழகான படம்தான் காட்டும். வாங்குகிறவர் படத்தைப் பார்த்து மயங்குகிறார்.

இந்தப் பலவீனத்தையே பலமாக்கிக்கொண்ட இடமும் உண்டு. எஃகு உலையிலிருந்து வார்க்கும்போது முதலில் உலோகம் வரும், கடைசியில் கசடு வரும். இரண்டும் ஒரே சூடு. புகையும் பொறியும் பறக்கும் இடத்தில் வெறுங்கண்ணுக்கு எது எங்கே முடிகிறது என்று தெரியாது. ஆனால் நீண்ட அலைநீளத்தில் கசடு உலோகத்தைவிட அதிகக் கதிர் விடும். கேமராவில் பார்த்தால் வழியும் ஓட்டத்தில் கசடு பளிச்சென்று பிரிந்து தெரியும். அந்த நொடியில் வார்ப்பை நிறுத்தலாம்.

சரியான எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? குறைந்த சூட்டில் எளிது. மின் பலகையில் பளபளக்கும் தாமிரப் பட்டையில் ஒரு துண்டுக் கருப்பு இன்சுலேஷன் டேப்பை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒட்டிவைப்போம். டேப்புக்கு 0.95 என்று கொடுத்து அதன் மேல் பார்த்தால் நிஜமான சூடு தெரியும். பக்கத்தில் வெறும் தாமிரம் குளிர்ந்து கிடப்பது போலப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். ஆயிரம் டிகிரியில் டேப் நிற்காது. அங்கே ஜாப்பின் முகத்தை விட்டுவிட்டு, அதில் உள்ள ஆழமான துளைக்குள்ளோ அடுக்கின் இடுக்குக்குள்ளோ பார்க்க வேண்டும். குழிக்குள் கதிர் முட்டி மோதி வெளியே வருவதால் பொருளின் பளபளப்பு கணக்கில் வராது; சூடு மட்டும் வரும். ஒரு வெளிநாட்டுப் பயிற்சியாளர் இதைத் திரையில் படம் போட்டு விளக்கியபோது, மேஸ்திரி எங்கே பார்ப்பார் என்று எனக்கு ஞாபகம் வந்தது. அவர் சக்கரத்தின் முகத்தைப் பார்க்கவே மாட்டார். பல்லுக்குப் பல் இடையில் உள்ள பள்ளத்தைத்தான் பார்ப்பார். “மூஞ்சி ஏமாத்தும் தம்பி, இடுக்கு ஏமாத்தாது.”

டிரேப்பரின் 525-க்கு வருகிறேன். அதற்குக் கீழே பட்டறை வெளிச்சத்தில் எந்த மனிதக் கண்ணும் குருடு. 200 டிகிரியில் இருக்கும் இரும்பும் 450 டிகிரியில் இருக்கும் இரும்பும் ஒரே கருப்பு. சிவந்த இரும்பைக் கண்டால் எல்லாரும் விலகுவார்கள். பட்டறையில் கை வெந்தவர்களில் பெரும்பாலோர் கருப்பு இரும்பைத் தொட்டவர்கள். உருகிய உலோகம் சுமக்கும் வாளியின் உள் பூச்சு தேய்ந்தால், வெளிச்சுவரில் அந்த இடம் முந்நூறு, நானூறு என்று ஏறும். கண்ணுக்கு அதுவும் கருப்புதான். ஓட்டை விழுந்து உலோகம் தரையில் ஈரத்தின் மேல் கொட்டினால், தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகி வெடிக்கும். வாளி ஒவ்வொரு முறை போய்வரும்போதும் பக்கவாட்டில் நின்று பார்க்கும் ஒரு கேமரா, அந்தத் திட்டைப் பல வார்ப்புக்கு முன்பே காட்டும். எந்த மேஸ்திரியும் செய்ய முடியாத வேலை இது. சிவப்புக்கு மேலே கேமரா கண்ணுக்குப் போட்டி. சிவப்புக்குக் கீழே அதற்குப் போட்டியே கிடையாது. தாம்பரம் ரயில் பாதைக்கு மேலே ஓடும் 25 ஆயிரம் வோல்ட் கம்பியின் இணைப்புகள் போன்றவற்றை ரயில்வே இன்று தெர்மல் கேமராவால் பார்ப்பதும் இதனால்தான். தளர்ந்த இணைப்பு சிவக்கும் வரை காத்திருக்க முடியாது.

2020-ல் கொரோனா வந்தபோது ஹெர்ஷலின் கதிர் எல்லார் நெற்றிக்கும் வந்தது. ஜவுளிக்கடை வாசலிலும் வங்கி வாசலிலும் துப்பாக்கி மாதிரி ஒன்றை நீட்டினார்கள். வெயிலில் நடந்து வந்தவருக்கு ஒரு எண், ஏ.சி. காரிலிருந்து இறங்கியவருக்கு வேறு எண். கருவி தோலின் கதிரைப் படித்தது. பிடித்தவர் அதை உடம்பின் சூடு என்று படித்தார். எண்ணைக் காட்டும் கருவி கையில் இருப்பதும், அந்த எண்ணை எப்போது நம்பலாம் என்று தெரிந்திருப்பதும் வேறு வேறு என்று ஊருக்கே தெரிந்த காலம் அது.

என் தீர்ப்பு இதுதான். கேமரா வந்தது நல்லது. வராமல் இருந்திருந்தால் இன்னும் நிறையக் கை வெந்திருக்கும், இன்னும் நிறைய எஃகு வீணாகியிருக்கும். ஆனால் எங்கே பார்ப்பது, எதை நம்பாமல் இருப்பது என்ற அறிவைக் கேமராவோடு பெட்டியில் வைத்து அனுப்புவதில்லை. அது இந்தப் பக்கத்துத் தெருக்களில் குடியிருக்கிறது. சிட்லப்பாக்கம், சேலையூர், பெருங்களத்தூர், பல்லாவரம் என்று எங்கே போனாலும், உலை வாயில் முப்பது வருஷம் நின்றுவிட்டு ஓய்வுபெற்ற வார்ப்பட ஆட்கள், ஹீட் ட்ரீட்மென்ட் ஆட்கள், பட்டறைக் கொல்லர்கள் இருக்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள்.

குரோம்பேட்டையில் இன்று இன்ஸ்ட்ருமென்டேஷன் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும்போது ஒரு வாரம் இவர்களில் ஒருவரோடு உட்காருங்கள். கையில் போன் இருக்கிறது. பேச்சைப் பதிவு செய்யுங்கள். எந்த நிறத்துக்கு என்ன பெயர் வைத்திருந்தார், எங்கே பார்த்தார், வெயில் நாளில் என்ன செய்தார் என்று கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். பக்கத்தில் கேமரா காட்டும் எண்ணையும் போடுங்கள். ஊட்ஸ் அடித்த கைகளிடம் அன்றைக்கு யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இந்தத் தலைமுறையிடம் கேட்க நமக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன.